உங்கள் குடும்பப் பெயர் ‘டோ’ இல்லை: ஆய்வுத் தரவுத்தளங்களில் பெயர்ப்பிழை திருத்த முழுமையான வழிகாட்டி

என் அடையாள அட்டையில் முதலில் என் பெயர், அப்புறம் டி/ஓ (‘இன்னாரின் மகள்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்), அப்புறம் அப்பா பெயர். சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்கள் பலருக்கு இப்படித்தான், ஆண்களுக்கு ‘மகன்’ என்பதற்கு எஸ்/ஓ. பள்ளியிலோ வங்கியிலோ இதனால் எனக்குப் பெரிய தொல்லை வந்ததில்லை. முதல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தபோதுதான் வந்தது. ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்துக் காட்டும் ஒரு தரவுத்தளத்தில் என் குடும்பப் பெயர் ‘டோ’ என்று ஏறியிருந்தது. டி/ஓ-வின் நடுவில் இருந்த சாய்கோட்டை ஏதோ ஒரு நிரல் விழுங்கிவிட, மிஞ்சிய இரண்டு எழுத்தும் ஒட்டிக்கொண்டு, வியட்நாமில் தெருவுக்கு நாலு பேர் வைத்திருக்கும் குடும்பப் பெயராகிவிட்டன. சில மாதங்களில் நெல் வயல் மண்ணைப் பற்றி யாரோ எழுதிய கட்டுரைகள் என் கணக்கில் சேர ஆரம்பித்தன. எனக்கும் நெல்லுக்கும் உள்ள உறவு சாப்பாட்டோடு சரி.

எஸ்/ஓ வைத்திருக்கும் நண்பர்கள் சிரிக்க வேண்டாம். உங்களுடையது ‘சோ’ ஆகும். கேன்டனீஸ்காரர்களிடமும் கொரியர்களிடமும் அந்தப் பெயர் உண்டு.

இதைச் சரிசெய்ய எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதில் பாதி நாள் தப்பான ஆளிடம் போய் முறையிட்டதில் கழிந்தது. அந்தப் பாதியை நீங்கள் மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன்.

நம் பெயர்களுக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு

தரவுத்தளங்கள் ஒவ்வொரு ஆசிரியருக்கும் இரண்டு கட்டம் வைத்திருக்கின்றன: முதற்பெயர், குடும்பப் பெயர். மேற்கோள் காட்டும்போது குடும்பப் பெயர் முழுசாக வரும். முதற்பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கும். நமக்கோ குடும்பப் பெயர் என்று ஒன்றே கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டு நம் பெயரைப் பின்னால் எழுதுவதுதான் நம் வழக்கம். அந்த இரண்டு கட்டத்துக்குள் இதைத் திணிக்கும்போது ஏதாவது ஒன்று பிதுங்கும்.

பிதுங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இயற்பியலிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. நட்சத்திரங்களை ஆராய்ந்து 1983இல் நோபல் பரிசு பெற்ற சுப்ரமணியன் சந்திரசேகர் ஒருவர். பெங்களூரில் ராமன் ஆய்வுக் கழகத்தில் இருந்து, வட்டத்தட்டு வடிவ மூலக்கூறுகளால் ஆன திரவப் படிகங்களை 1977இல் அறிவித்த சிவராமகிருஷ்ண சந்திரசேகர் இன்னொருவர். இருவருமே சி.வி. ராமனுடைய உறவுப் பிள்ளைகள்: முன்னவர் அண்ணன் மகன், பின்னவர் சகோதரி மகன். மேற்கோள் பட்டியலில் இருவரும் ‘சந்திரசேகர், எஸ்.’ ஒரே குடும்பம், ஒரே துறை, ஒரே எழுத்து. எந்தக் கணினி பிரித்துச் சொல்லும்?

வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் விஷயம் வேறு மாதிரி. 2009இல் வேதியியல் நோபல் பெற்றவர். அப்பா பெயரும் ராமகிருஷ்ணன்தான். ஆக உலகம் முழுக்க மேற்கோள் பட்டியல்களில் முன்னால் நிற்பது அப்பா பெயர். அவர் பெயர் ஓர் எழுத்து. அவர் அதை எல்லாக் கட்டுரையிலும் ஒரே மாதிரி வைத்துக்கொண்டதால் சிக்கல் இல்லை. சிக்கல் வருவது, ஒரு கட்டுரையில் ஒரு மாதிரியும் அடுத்ததில் வேறு மாதிரியும் எழுதும் நம்மைப் போன்றவர்களுக்கு.

முதல் வேலை: எந்தப் பெயர் என்று முடிவு செய்யுங்கள்

திருத்தச் சொல்லும் முன், எப்படித் திருத்த வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெட்கமாகச் சொல்கிறேன், நான் மூன்று இடங்களுக்கு மூன்று விதமாக எழுதிக் கொடுத்தேன்.

கவிதா டி/ஓ ராஜேந்திரன் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவருக்கு உருப்படியான வழிகள் இரண்டு. ஒன்று, குடும்பப் பெயர்க் கட்டத்தில் ‘கவிதா’, முதற்பெயர்க் கட்டத்தில் ‘ஆர்.’ அல்லது ‘ராஜேந்திரன்’. கட்டுரையில் ‘ஆர். கவிதா’ என்று அச்சாகும். நம் ஊர் வழக்கமும் அதுதான். மேற்கோளில் ‘கவிதா, ஆர்.’ மற்றொன்று, குடும்பப் பெயர் ‘ராஜேந்திரன்’, முதற்பெயர் ‘கவிதா’. இது கடவுச்சீட்டோடும் அலுவலகக் கோப்புகளோடும் எளிதாக ஒத்துப்போகும். ஆனால் வாழ்நாள் முழுக்க மேற்கோள் காட்டப்படுவது அப்பா. எனக்கு முதல் வழிதான் பிடிக்கும். ஆனால் ஏற்கெனவே நாலைந்து கட்டுரை ஒரு வடிவில் வந்திருந்தால், அது எந்த வடிவமானாலும் அதையே தொடருங்கள். மாற்றி மாற்றிப் போடுவதுதான் கேடு.

இரண்டு வழியிலும் டி/ஓ, எஸ்/ஓ வேண்டாம். மலேசியாவிலிருந்து வந்தவர்கள் ஏ/எல், ஏ/பி (மகன், மகள் என்பதற்கான மலாய்ச் சுருக்கங்கள்) இரண்டையும் விட்டுவிடுங்கள். அடையாள அட்டையில் உள்ளபடியே ஆய்விதழிலும் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பட்ட ஆய்வேடு மட்டும் பல்கலைக்கழகப் பதிவில் உள்ள பெயரில்தான் போகும். அதைப் பிறகு இணைத்துக்கொள்ளலாம்.

தமிழ் முஸ்லிம் நண்பர்கள் ‘பின்’, ‘பிந்தே’ வைத்திருந்தால் அதை ஒன்று எப்போதும் சேர்த்து எழுதுங்கள், இல்லையேல் எப்போதும் விட்டுவிடுங்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு வேறொரு வலை காத்திருக்கிறது. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். ஆய்விதழின் படிவமோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விடாது. அவசரத்தில் அங்கே ஒரு புள்ளியோ, கோடோ, அதே பெயரையே இரண்டாம் முறையோ போட்டுவிட்டு வந்துவிடுவோம். அந்தப் புள்ளி அப்படியே தரவுத்தளம் வரை பயணம் செய்யும்.

ஆங்கில எழுத்துக்கூட்டலையும் இப்போதே முடிவு செய்யுங்கள். கவிதாவில் ‘டி’க்குப் பின் ‘எச்’ உண்டா, ராமசாமியில் ‘டபிள்யூ’ உண்டா என்பது நமக்கு ஒன்றுமில்லாத விஷயம். இயந்திரத்துக்கு அவர்கள் வேறு வேறு ஆட்கள்.

இரண்டாவது: பிழை எங்கே பிறந்தது?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். இதைச் செய்யாமல் நேரே தரவுத்தளத்துக்கு எழுதியதுதான் நான் செய்த தவறு. ஆற்றுத் தண்ணீர் தலைமடையில் கலங்கியிருந்தால் கடைமடையில் நின்று வடிகட்டி என்ன பயன்? இன்று திருத்துவார்கள், அடுத்த முறை பதிப்பகத்திலிருந்து விவரம் வரும்போது பழைய பிழை மறுபடி வந்து உட்காரும்.

பெயர் பயணம் செய்யும் வழி ஏறக்குறைய இது: நீங்கள் சமர்ப்பிப்புப் படிவத்தில் நிரப்பியது பதிப்பகத்துக்குப் போகிறது. பதிப்பகம் கட்டுரையின் பிடிஎஃப்பையும் இணையப் பக்கத்தையும் செய்கிறது. அதே சமயம் கட்டுரையின் விவரங்களை கிராஸ்ரெஃப் என்ற அமைப்பில் டிஓஐ எண்ணோடு (ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய நிரந்தர அடையாள எண்) பதிவு செய்கிறது. பதிப்பகங்கள் சேர்ந்து 2000இல் தொடங்கிய லாபநோக்கற்ற அமைப்பு அது. தரவுத்தளங்கள் சில பதிப்பகத்திடமிருந்தும், சில கிராஸ்ரெஃப்பிலிருந்தும், சில இணையப் பக்கத்தைத் தானே படித்தும் விவரத்தை எடுக்கின்றன. கடைசியாக, ‘இந்தக் கட்டுரைகள் எல்லாம் ஒரே ஆளுடையவை’ என்று கட்டுக் கட்டும் வேலையை ஒவ்வொரு தரவுத்தளமும் தனித்தனியாகச் செய்கிறது.

ஒரு கட்டுரையை எடுத்துக்கொண்டு மேலிருந்து கீழே பாருங்கள். பெயரைப் போட்டுத் தேடாதீர்கள்; பெயர்தானே தப்பாக இருக்கிறது? தலைப்பையோ டிஓஐயையோ போட்டுத் தேடுங்கள்.

முதலில் பிடிஎஃப்பைத் திறந்து பெயரைப் பாருங்கள். அடுத்து, பதிப்பகத்தின் பக்கத்தில் மேற்கோளைத் தரவிறக்கும் பொத்தான் இருக்கும். ஆர்ஐஎஸ் வடிவில் இறக்கி, நோட்பேடில் திறந்து பாருங்கள். ‘ஏயூ’ என்று தொடங்கும் வரிகளில் ஆசிரியர் பெயர்கள் இருக்கும். காற்புள்ளிக்கு முன்னால் இருப்பதைத்தான் உலகம் உங்கள் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். திரையில் பெயர் அழகாகத் தெரிந்தாலும் இங்கே கோணலாக இருக்கலாம். எனக்கு அப்படித்தான் இருந்தது: பிடிஎஃப் சரி, பக்கம் சரி, இந்தக் கோப்பில் மட்டும் டோ.

மூன்றாவதாக, கிராஸ்ரெஃப்பின் தேடல் பக்கத்தில் டிஓஐயைக் கொடுத்து அங்கே பதிவான விவரத்தைப் பாருங்கள். இலவசம்தான், கணக்குக்கூட வேண்டாம். ‘கிவன்’, ‘ஃபேமிலி’ என்ற இரண்டு புலங்களில் எது எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகுதான் ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயின்ஸ், கூகுள் ஸ்காலர் போன்ற தரவுத்தளங்கள் எல்லாம்.

இதை ஓர் எக்செல் தாளில் போட்டுக்கொண்டால் நல்லது. கட்டுரைக்கு ஒரு வரி, இடத்துக்கு ஒரு பத்தி, கட்டத்துக்குள் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே. பத்து கட்டுரைக்கு ஒரு சனிக்கிழமை மதியம் போதும், பக்கத்தில் ஒரு டீயும் இருந்தால். முடித்ததும் பிழை எங்கே தொடங்குகிறது என்று கண்ணில் அறையும்.

பிடிஎஃப்பிலேயே தப்பு என்றால், அது அச்சான பதிவைத் திருத்தும் வேலை. ஆய்விதழ் திருத்த அறிவிப்பு வெளியிட வேண்டியிருக்கும். பிடிஎஃப் சரி, ஆனால் ஆர்ஐஎஸ் கோப்போ கிராஸ்ரெஃப்போ தப்பு என்றால், பதிப்பகம் ஓசையில்லாமல் திருத்திவிடலாம். மேலே எல்லாம் சரி, ஒரு தரவுத்தளத்தில் மட்டும் தப்பு என்றால் அந்தத் தரவுத்தளத்துக்கு எழுத வேண்டும். பெயர் எல்லா இடத்திலும் சரியாக இருந்து, கட்டுரைகள் மட்டும் இரண்டு மூன்று ஆட்களாகச் சிதறியிருந்தால், அது பிழை இல்லை, கட்டு பிரிந்ததுதான். அதை நீங்களே பத்து நிமிடத்தில் சேர்க்கலாம்.

மூன்றாவது: ஓர்கிட் எண்

2012 அக்டோபரில் தொடங்கப்பட்ட ஓர்கிட், ஆய்வாளருக்கு 16 இலக்க எண் தருகிறது. கடைசி இடத்தில் சிலருக்கு இலக்கத்துக்குப் பதில் ‘எக்ஸ்’ இருக்கும்; பயப்பட வேண்டாம், அது சரிபார்ப்புக் குறி. எண் இலவசம், வேலை மாறினாலும் நாடு மாறினாலும் கூடவே வரும். நமக்கு இதில் ஒரு தனி சௌகரியம்: முதற்பெயர் மட்டும்தான் கட்டாயம். குடும்பப் பெயரைக் காலியாக விடலாம். நம் பெயரை மதிக்கும் படிவம் ஒன்றாவது இருக்கிறதே!

பதிவு செய்யும்போது பல்கலைக்கழக மின்னஞ்சலோடு சொந்த மின்னஞ்சல் ஒன்றையும் கண்டிப்பாகச் சேருங்கள். ஒப்பந்தம் முடிந்த மறுமாதமே அலுவலக முகவரி செத்துப்போகும். கடவுச்சொல்லை மீட்க வழி இருக்காது. வெளியீட்டில் வரும் பெயருக்குத் தனி இடம் இருக்கிறது. அங்கே நீங்கள் முடிவு செய்த வடிவத்தைப் போடுங்கள். வேறு பெயர்கள் என்ற பகுதியில் இதுவரை அச்சான எல்லா வடிவங்களையும், அந்த டோ உட்பட, சேர்த்துவிடுங்கள். தமிழ் எழுத்திலும் பெயரைச் சேர்க்கலாம், நான் சேர்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் அனைவரும் பார்க்கும்படி வையுங்கள். பூட்டி வைத்த பக்கத்தை ஆதாரமாகக் காட்ட முடியாது.

எப்போதோ ஒரு கருத்தரங்குக்காகத் தொடங்கி மறந்த பழைய எண் இருந்தால், கணக்கு அமைப்பில் போய் இரண்டையும் ஒன்றாக்கிவிடலாம். பழைய எண்ணைத் தேடுபவர் புதியதற்கு வந்து சேர்வார்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஓர்கிட் பக்கத்தைச் சரிசெய்வதால் வேறெங்கும் உள்ள பிழை தானாகத் திருந்தாது. அது சாட்சி, நீதிபதி இல்லை. ஆனால் இனிமேல் அனுப்பும் ஒவ்வொரு கட்டுரையிலும் சமர்ப்பிக்கும்போதே எண்ணைக் கொடுத்தால், பெயர் எப்படிக் கோணினாலும் எண் உங்களைக் காட்டிக்கொடுக்கும். நல்ல அர்த்தத்தில்தான்.

நான்காவது: பதிப்பகத்துக்கு எழுதுவது

பெரும்பாலான பிழைகள் இங்கேதான் தீரும், இங்கேதான் இழுக்கவும் இழுக்கும். ஆய்விதழின் ஆசிரியர் குழு வேறு. அச்சையும் இணையப் பக்கத்தையும் பார்க்கும் தயாரிப்புப் பிரிவு வேறு. ஆசிரியர் குழுவுக்கு மட்டும் எழுதினால் ‘தகவல் அனுப்பிவிட்டோம்’ என்று பதில் வரும், அத்தோடு முடிந்தது. இருவருக்கும் ஒரே மின்னஞ்சலில் எழுதுங்கள். கட்டுரையின் தொடர்பு ஆசிரியர் (எல்லார் சார்பிலும் ஆய்விதழோடு கடிதப் போக்குவரத்து வைத்திருப்பவர்) நீங்கள் இல்லை என்றால், அவரை அனுப்பச் சொல்லுங்கள், அல்லது நகலில் சேருங்கள். பல பதிப்பகங்கள் அவர் சம்மதம் இல்லாமல் கையே வைக்காது.

கடிதத்தில் கதை வேண்டாம். நம் பெயர் மரபைப் பற்றி நான் முதலில் ஒரு பக்கம் எழுதினேன், யாரும் படிக்கவில்லை. இரண்டாவது முறை இப்படி எழுதினேன், வேலை நடந்தது:

“இந்த டிஓஐ உள்ள கட்டுரையின் 3ஆவது ஆசிரியர் நான். பிடிஎஃப்பில் என் பெயர் சரியாக உள்ளது. தரவிறக்கும் மேற்கோள் கோப்பிலும் கிராஸ்ரெஃப் பதிவிலும் குடும்பப் பெயர் தவறாக உள்ளது. இப்போது இருப்பது இது. இருக்க வேண்டியது இது: குடும்பப் பெயர் இன்னது, முதற்பெயர் இன்னது. என் ஓர்கிட் எண் இது. மேற்கோள் கோப்பையும் இணையப் பக்கத்தில் உள்ள விவரக் குறிகளையும் திருத்தி, கிராஸ்ரெஃப்பில் மறுபதிவு செய்யுங்கள். படம் இணைத்துள்ளேன்.”

கடைசிக்கு முந்தைய வரி முக்கியம். விவரக் குறிகள் என்பவை, இயந்திரங்கள் படிப்பதற்காக இணையப் பக்கத்துக்குள் மறைவாக இருக்கும் விவரங்கள். ‘என் பெயரைத் திருத்துங்கள்’ என்று மட்டும் சொன்னால், திரையில் தெரியும் பெயரைத் திருத்திவிட்டு முடித்துவிட்டோம் என்பார்கள். கிராஸ்ரெஃப்பில் ஏற்கெனவே உள்ள பதிவைப் புதுப்பிக்கப் பதிப்பகத்துக்குக் கட்டணம் எதுவும் இல்லை. எனவே தயங்காமல் கேளுங்கள். நீங்களோ நானோ அங்கே நேரடியாகத் திருத்த முடியாது. கிராஸ்ரெஃப்புக்கே எழுதினாலும் பதிப்பகத்திடம்தான் அனுப்பிவைப்பார்கள்.

திருத்த அறிவிப்பு தேவைப்பட்டால், அதற்குத் தனி டிஓஐ வரும், மூலக் கட்டுரையோடு இணைப்பும் இருக்கும். சிலர் இதை அவமானமாக நினைக்கிறார்கள். கட்டுரையைத் திரும்பப் பெறுவது வேறு, பெயரைத் திருத்துவது வேறு; படிப்பவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும். அதே சமயம், அச்சில் பிழையே இல்லாமல் ‘இனி வேறு வடிவம் எனக்குப் பிடிக்கிறது’ என்ற காரணத்துக்காக அறிவிப்பு கேட்டால் ஆய்விதழ் மறுக்கலாம். அந்த இடத்தில் மல்லுக்கு நிற்காமல் ஓர்கிட்டிலும் தரவுத்தளப் பக்கங்களிலும் இணைத்துக்கொண்டு போவதே புத்திசாலித்தனம்.

திருமணத்தாலோ மதமாற்றத்தாலோ பாலின மாற்றத்தாலோ பெயரையே மாற்றிக்கொண்டவர்கள் கதை வேறு. 2020, 2021 வாக்கில் பெரிய பதிப்பகங்கள் பல இதற்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தன. அறிவிப்பு எதுவும் போடாமல், பழைய கட்டுரைகளிலேயே பெயரை மாற்றித் தருவார்கள். சக ஆசிரியர்களைக் கேட்க வேண்டும் என்றோ சட்ட ஆவணம் காட்ட வேண்டும் என்றோ பல இடங்களில் இல்லை. இங்கே வழக்கறிஞரிடம் போய் டீட் போல் என்ற பெயர் மாற்ற ஆவணம் எழுதி வாங்கியிருந்தாலும் வாங்காவிட்டாலும் கேட்டுப் பார்க்கலாம். பதிப்பகத்தின் பக்கத்தில் பெயர் மாற்றக் கொள்கை என்று தேடுங்கள்.

இதையெல்லாம் தவிர்க்க ஒரே ஒரு நாள் இருக்கிறது: அச்சுக்கு முன் சரிபார்க்கச் சொல்லி ப்ரூஃப் வரும் நாள். ‘முதற்பெயரும் குடும்பப் பெயரும் சரியாகப் பிரிக்கப்பட்டுள்ளனவா’ என்ற கேள்வி பல பதிப்பகங்களின் ப்ரூஃபில் முதல் கேள்வியாகவே இருக்கும். நாம் அட்டவணையையும் படத்தையும் பார்க்கும் வேகத்தில் ‘ஆம்’ என்று தட்டிவிடுவோம். நானும் தட்டினேன்.

ஐந்தாவது: தரவுத்தளங்கள் ஒவ்வொன்றாக

*ஸ்கோப்பஸ்.* எல்சேவியர் பதிப்பகத்துடையது, 2004இல் வந்தது. ஒவ்வொரு ஆசிரியருக்கும் தானாகவே ஓர் எண் கொடுத்துப் பக்கம் அமைக்கிறது. சந்தா இல்லாதவர்களும் ஆசிரியர் தேடலை இலவசமாகப் பார்க்கலாம். எல்லா வடிவத்திலும் தேடுங்கள்: குடும்பப் பெயரும் முதற்பெயரும் இடம் மாறியபடி, டி. ஓ. என்பது இரண்டு இனிஷியலாக ஆனபடி, டோ, சோ எல்லாம். கிடைத்த பக்கங்களைத் தேர்ந்தெடுத்து, ஆசிரியர் கருத்துப் படிவத்தின் வழியே ஒன்றாக்கச் சொல்லலாம். விருப்பமான பெயர் வடிவத்தையும் அங்கேயே தேர்வு செய்யலாம். உங்களுடையது அல்லாத கட்டுரைகளை நீக்குவதும் அதே இடத்தில்தான். ஆனால் இந்தப் படிவம் கட்டைத்தான் சரிசெய்யும். ஒரு குறிப்பிட்ட கட்டுரையின் பதிவில் பெயரே பிழையாக இருந்தால் அவர்களுடைய உதவி மையத்துக்குத் தனியே, டிஓஐயோடும் பதிப்பகப் பக்கத்தின் இணைப்போடும் எழுத வேண்டும். பதிப்பகப் பக்கம் சரியாக இருந்தால் மட்டுமே திருத்துவார்கள். நான் தோற்றது இங்கேதான்: தலைமடை இன்னும் கலங்கலாக இருக்கும்போதே போய் நின்றேன்.

*வெப் ஆஃப் சயின்ஸ்.* கிளாரிவேட் நிறுவனம் நடத்துவது. இங்கும் அதே இரட்டை வேலை. உங்கள் பக்கத்தை உரிமை கோரிச் சேர்க்க வேண்டியதைச் சேர்ப்பது ஒன்று. கட்டுரைப் பதிவின் கீழே உள்ள திருத்தப் பரிந்துரை இணைப்பில் போய்ப் பிழையைச் சொல்வது மற்றொன்று. பப்ளான்ஸ் என்ற தளத்தில் முன்பு கணக்கு வைத்திருந்தவர்களுக்கு 2022இல் அது இதற்குள்ளேயே சேர்ந்துவிட்டது. புதுக் கணக்கு தொடங்கி இன்னோர் இரட்டையை உண்டாக்காதீர்கள்.

*கூகுள் ஸ்காலர்.* இது தனி ரகம். எழுதிக் கேட்கத் தலைவாசலே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சொந்தப் பக்கத்தில் கட்டுரையைத் தட்டிப் பெயரைத் திருத்தலாம், இரண்டாக வந்ததை ஒன்றாக்கலாம். ஆனால் அந்தத் திருத்தம் உங்கள் பக்கத்தோடு நின்றுவிடும். வேறொருவர் ஸ்காலரில் தேடும்போது பழைய பிழைதான் தெரியும். தேடல் முடிவு மாற வேண்டுமானால் பதிப்பகத்தின் இணையப் பக்கத்துக்குள் இருக்கும் விவரக் குறிகள் மாற வேண்டும், பிறகு ஸ்காலர் மறுபடி வந்து படிக்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும்.

ஸ்காலரில் இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கட்டுரைகளைத் தானாகச் சேர்க்கும் அமைப்பை அணைத்துவிட்டு, மின்னஞ்சலில் கேட்டுச் சேர்க்கும்படி மாற்றுங்கள். குமார், ரமேஷ், பிரியா போன்ற பெயர்காரர்களுக்கு இது உயிர்காக்கும் மருந்து. என் அலுவலகத்துத் தம்பி ஒருவன் ஒருநாள் கேன்டீனில் முகம் வாடி வந்தான். “அக்கா, என் எச்-இன்டெக்ஸ் பாதியாகிடுச்சு.” (கட்டுரைகளையும் மேற்கோள்களையும் வைத்து ஆய்வாளருக்குப் போடும் மதிப்பெண் அது.) பார்த்தால், அவன் பக்கத்தில் அதுவரை இருந்ததில் பாதி வேறொரு குமாருடையது, அந்தக் குமார் விழித்துக்கொண்டு தன்னுடையதைச் சரிசெய்ததைப் பார்த்து, இவனும் தன் பக்கத்தைச் சுத்தம் செய்திருக்கிறான். வருடாந்திர மதிப்பீட்டுக்கு முன்பே நடந்ததில் அவனுக்கு நிம்மதிதான். அடுத்தவர் கட்டுரையை வைத்துக்கொண்டு பதவி உயர்வுக்கு விண்ணப்பித்து, குழுவில் ஒருவர் கேள்வி கேட்டால் என்ன சொல்வான்?

*பப்மெட்.* மருத்துவ, உயிரியல் துறையினருக்கு. பெயரைப் பதிப்பகம்தான் திருத்த முடியும், எனவே நான்காவது படிக்கே திரும்புங்கள். 2002க்கு முந்தைய கட்டுரைகளில் முதற்பெயர் இனிஷியலாக மட்டுமே இருக்கும். அது பிழை இல்லை.

*டிபிஎல்பி.* கணினித் துறைக்கு. ஜெர்மனியில் 1993இல் தொடங்கியது. ஒரே பெயரில் பலர் இருந்தால் பெயருக்குப் பின்னால் நான்கு இலக்க எண் போட்டுப் பிரிப்பார்கள். மின்னஞ்சல் அனுப்பினால் மனிதர்கள் படித்துத் திருத்துகிறார்கள். என் அனுபவத்தில் இவ்வளவு சுமுகமான இடம் வேறில்லை.

*பல்கலைக்கழகக் களஞ்சியம்.* நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டிஆர்-என்டியூ, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஸ்காலர்பேங்க், மேலாண்மைப் பல்கலைக்கழகத்தில் இன்க். நூலகத்துக்கு எழுதினால் போதும். கூகுள் ஸ்காலர் இந்தக் களஞ்சியங்களையும் படிப்பதால், இங்கே திருத்துவது வீண் போகாது. நூலகர்களிடம் போகும்போது அந்த எக்செல் தாளையும் எடுத்துப் போங்கள். மற்ற தரவுத்தளங்களுக்கு எழுதவும் அவர்கள் உதவுவார்கள். நான் ஏழு மாதம் கழித்துத்தான் போனேன். முதல் நாளே போயிருக்கலாம்.

அடுத்தவர் பட்டியலில் உங்கள் பெயர்

உங்கள் பக்கமெல்லாம் சரியான பிறகும் ஒரு கசிவு இருக்கும். உங்களை மேற்கோள் காட்டியவர் தன் பட்டியலில் பெயரைத் தப்பாக எழுதியிருந்தால், அந்த மேற்கோள் உங்கள் கணக்கில் சேராமல் போகலாம். வெப் ஆஃப் சயின்ஸில் மேற்கோள் காட்டப்பட்டவற்றைத் தேடும் தனித் தேடல் இருக்கிறது. அதில் உங்கள் பெயரின் விபரீத வடிவங்களைப் போட்டால் அனாதையாக நிற்பவை கிடைக்கும். அவற்றைத் திருத்தப் படிவத்தில் சொல்லலாம். டிஓஐ சரியாக இருந்தால் பெரும்பாலும் பெயர்ப்பிழை பாதிக்காது, எனவே எல்லாவற்றையும் துரத்தாதீர்கள்.

மேற்கோள் பட்டியலை அமைத்துத் தரும் பிப்டெக் என்ற மென்பொருளைப் பயன்படுத்துவோர், தாங்கள் அறியாமலே இதில் நம்மை வதைக்கிறார்கள். அந்த மென்பொருள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுக்கும். நடுவில் சிறிய எழுத்தில் தொடங்கும் சொல் இருந்தால் ஜெர்மன்காரர்களின் ‘ஃபான்’ மாதிரி முன்னொட்டு என்று நினைத்துக்கொள்ளும். அதாவது டி/ஓ ஒரு பிரபு வம்சப் பட்டமாகிவிடும்! நம் பெயர்களை எழுதும்போது குடும்பப் பெயர், காற்புள்ளி, முதற்பெயர் என்று நாமே பிரித்துக் கொடுத்துவிட்டால் இந்த வம்பு இல்லை. சக தமிழ் ஆய்வாளர்களை மேற்கோள் காட்டும்போதும் அவர்களுடைய ஓர்கிட் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதலாம்.

என் டோ கடைசியில் எப்படிப் போனது? பதிப்பகம் மறுபதிவு செய்த பிறகு ஒவ்வொரு இடமாகத் திருந்தியது. ஒரே ஒரு நெல் கட்டுரை மட்டும் ஒரு தரவுத்தளத்தில் என்னை விடவில்லை; நான் நீக்குவேன், சில வாரத்தில் திரும்பி வரும். கடைசியில் அந்தக் கட்டுரையை எழுதிய வியட்நாமியருக்கே மின்னஞ்சல் அனுப்பினேன். அன்று மாலையே பதில் வந்தது. அவர் பக்கத்திலும் புரியாத தலைப்பில் ஒரு கட்டுரை இருந்ததாம், யாருடையது என்று தெரியாமல் இரண்டு வருடமாக விட்டுவைத்திருந்தாராம். என்னுடையதுதான். அவர் தன் கட்டுரையை உரிமை கோரிக்கொண்டார், நான் என்னுடையதை. அதன் பிறகு எதுவும் திரும்பி வரவில்லை.